கொட்டகையில் கிடந்த வண்டிக்கு மறுபிறவி!

புகை விடுகிறது என்று ஒதுக்கப்பட்ட மோட்டார் சைக்கிளைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். புதிய ஆபத்து பெட்ரோல் வடிவில் வந்திருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு பண்ணை வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு மரக் கொட்டகை.

வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் வந்து கொட்டகையை ஒழிக்கிறார்கள். பழைய டயர், உடைந்த நாற்காலி, துருப்பிடித்த தகர டப்பா என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. கடைசியில், சாக்கு போர்த்திய ஒரு மோட்டார் சைக்கிள். சீட்டை எலி கடித்திருக்கிறது. பெட்ரோல் டாங்கியில் துரு. கிக்கரை மிதித்தால் அசையவில்லை.

"பழைய இரும்புக்குப் போடு" என்கிறார் ஒரு பிள்ளை.

ஆனால் செய்தி வெளியே போனதும் ஆள் வந்துவிடுகிறார். ஓடாத வண்டிக்கு ரொக்கம் கொடுத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்!

இது ஏதோ ஓர் இடத்தில் ஒரு முறை நடந்த கதை அல்ல. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இன்று இது சர்வ சாதாரணம். 1968 முதல் 1975 வரை வந்த மண் பாதை மோட்டார் சைக்கிள்களுக்கு அங்கே அப்படி ஒரு மவுசு. அவற்றை "டர்ட் பைக்" என்பார்கள். தார் ரோட்டுக்காகச் செய்த வண்டி அல்ல. காடு, மேடு, ஆற்று மணல், சேறு இவற்றில் ஓட்டுவதற்கென்றே செய்தது.

அந்தக் காலத்து டர்ட் பைக்குகளில் மிகப் பெரும்பாலானவை டூ-ஸ்ட்ரோக் என்ஜின் வண்டிகள். ஆயில் கலந்த பெட்ரோலை எரித்து, நீலப் புகை விட்டு ஓடியவை. புகைக்காகவே அவற்றைச் சட்டம் ஓரம் கட்டியது. இப்போது அதே வண்டியை நட்டு நட்டாகக் கழற்றி, மறுபடி பூட்டி, ஓட்டிப் பார்க்கிறார்கள்.

ஏன்?

ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தது

1960-களில் அமெரிக்க வாலிபர்களுக்கு மண் பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஆசை வந்தது. அதற்குத் தகுந்த வண்டி எளிதில் கிடைக்கவில்லை. ஸ்பெயினின் புல்டாக்கோ, சுவீடனின் ஹஸ்க்வர்னா போன்றவை இருந்தன. அவை குறைந்த எண்ணிக்கையில்தான் வந்தன. விலையும் கடினம்.

எனவே வாலிபர்கள் என்ன செய்தார்கள்? ரோட்டு வண்டியை வாங்கினார்கள். சைலன்சரைத் தூக்கிக் கட்டினார்கள். பெரிய பல் வைத்த டயரை மாட்டினார்கள். அப்படியே மலை ஏறினார்கள். பாதி வழியில் வண்டி உடைந்தது.

யமஹா கம்பெனியின் அமெரிக்கக் கிளை இதைக் கவனித்தது. "இவர்களுக்கென்றே ஒரு வண்டி செய்யுங்கள்" என்று ஜப்பானுக்கு எழுதியது. ஜப்பானில் அப்படி ஒரு வண்டிக்குத் தேவையே இல்லை. இருந்தாலும் செய்தார்கள்.

1968-ல் வந்தது "டி.டி.-1".

246 சி.சி. என்ஜின். ஒரே சிலிண்டர். சுமார் 18 குதிரைச் சக்தி. எடை ஏறக்குறைய 112 கிலோ. விளக்கும் இருந்தது, நம்பர் பிளேட்டும் மாட்டலாம். வீட்டிலிருந்து ரோட்டில் ஓட்டிப்போய், காட்டுக்குள் இறங்கி, சாயங்காலம் அதே வண்டியில் வீடு திரும்பலாம்.

வண்டி வந்த வேகத்தில் விற்றது. மற்ற ஜப்பான் கம்பெனிகளும் ஓடி வந்தன. நாலு-ஸ்ட்ரோக் என்ஜினுக்கே பேர் போன ஹோண்டாகூட, 1973-ம் ஆண்டு மாடலாக "எல்சினோர்" என்ற டூ-ஸ்ட்ரோக் பந்தய வண்டியை இறக்கியது.

அன்றைக்கு அந்த வண்டிகளில் ஏறிய பையன்களுக்கு இன்று வயது எழுபது.

டி.வி.எஸ். 50-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்

டூ-ஸ்ட்ரோக் என்றால் என்ன? தமிழ்நாட்டில் இதை விளக்குவது சுலபம். ஓசூரில் செய்து 1980-ல் வந்த டி.வி.எஸ். 50 டூ-ஸ்ட்ரோக் வண்டிதான். எஸ்டியும் ஆர்.எக்ஸ். 100-ம் அதே ஜாதி. பங்க்கில் பெட்ரோல் போட்டதும் ஆயிலை ஊற்றி, வண்டியை இரண்டு ஆட்டு ஆட்டுவார்களே, அது ஏன் என்று பலர் கேட்டதில்லை.

காரணம் இதுதான். சாதாரண நாலு-ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் இரண்டு தடவை ஏறி இறங்கினால்தான் ஒரு தடவை பெட்ரோல் வெடித்துச் சக்தி பிறக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் ஒரு வெடி. அதனால் சின்ன என்ஜினிலிருந்து பெரிய சக்தி.

இதில் வால்வு கிடையாது. வால்வைத் திறக்கும் கேம் கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள் இருக்கும். பிஸ்டனே ஏறி இறங்கி அவற்றைத் திறந்து மூடும். முக்கியமாக ஓடும் பாகங்கள் மூன்றுதான்: பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க்.

பெட்ரோலும் காற்றும் கிராங்க் இருக்கும் அறை வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகின்றன. ஆகவே அங்கே தனியாக ஆயில் நிரப்பி வைக்க முடியாது. பெட்ரோலோடு ஆயிலும் வந்தாக வேண்டும். டி.டி.-1-ல் யமஹா இதற்கு ஒரு சின்ன பம்பு வைத்தது. பம்பு தானாகவே வேண்டிய ஆயிலைக் கொடுக்கும்.

குறையும் அங்கேயே இருக்கிறது. எரிந்த புகை வெளியே போகும் ஓட்டை திறந்திருக்கும்போதே புதிய பெட்ரோல் உள்ளே வருகிறது. அதில் நாலில் ஒரு பங்கு வரைகூட எரியாமலே வெளியே ஓடிவிடும். பாதி எரிந்த ஆயிலும் சேர்ந்து வெளியேறும். நீலப் புகையின் கதை இதுதான்.

ரகசியத்தோடு ஓடிய வீரர்

வெளியே ஓடும் பெட்ரோலைத் திருப்பி உள்ளே தள்ள முடியுமா? முடியும் என்று காட்டியவர் கிழக்கு ஜெர்மனியின் வால்ட்டர் காடன். இரண்டாம் உலக யுத்தத்தின்போது ராக்கெட் ஆராய்ச்சி நடந்த பீனமுண்டேயில் வேலை பார்த்தவர். யுத்தத்துக்குப் பிறகு எம்.இசட். என்ற அரசாங்க மோட்டார் சைக்கிள் கம்பெனியில் சேர்ந்தார்.

அவர் சைலன்சர் குழாயின் உருவத்தை மாற்றினார். நடுவில் வயிறு பெருத்து, நுனியில் ஒடுங்கும் குழாய். புகையோடு கிளம்பும் அழுத்த அலை, ஒடுங்கிய நுனியில் மோதித் திரும்பி வரும். வரும் வழியில், வெளியே ஓடப் பார்க்கும் பெட்ரோலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும்! 1961-ல் அவருடைய 125 சி.சி. பந்தய என்ஜின் 25 குதிரைச் சக்தி கொடுத்தது. அது அந்தக் காலத்தில் அதிசயம்.

அந்த வண்டியை ஓட்டியவர் ஏர்ன்ஸ்ட் டேக்னர். 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பரில் சுவீடனில் உலகப் பந்தயம். டேக்னர் அங்கே போனார், ஆனால் திரும்பவில்லை. அவருடைய மனைவி மக்களும் ரகசியமாக மேற்கு ஜெர்மனிக்குக் கொண்டுவரப்பட்டிருந்தார்கள்.

அவர் நேரே போய்ச் சேர்ந்தது ஜப்பானில் சுசூகி கம்பெனி. காடனின் வித்தையும் கூடவே போயிற்று. 1962-ல் 50 சி.சி. உலக சாம்பியன் பட்டத்தை சுசூகி வண்டியிலேயே டேக்னர் வென்றார். பிறகு அந்த வித்தை மெல்ல மெல்ல எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. 1970-ல் 250 சி.சி. மண் பாதைப் பந்தயத்திலும் உலகப் பட்டம் சுசூகிக்கே கிடைத்தது. ஓட்டியவர் பெல்ஜியத்தின் ஜோயல் ரோபெர்.

பாவம் காடன்! உழைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்.

சட்டம் வந்தது

காற்றுக் கெடுவதை அமெரிக்கா பொறுக்கவில்லை. மோட்டார் சைக்கிள் புகைக்கு 1978-ம் ஆண்டு மாடல் முதல் கட்டுப்பாடு வந்தது. மண் பாதை வண்டிகளுக்கும் பிறகு நாடு முழுவதும் விதி வந்தது. 2006 மாடல் முதல் அமல். பந்தயத்துக்கு மட்டும் என்று செய்யும் வண்டிக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கின் தயவில்தான் யமஹா இன்றும் ஒய்.இசட். 250 என்ற டூ-ஸ்ட்ரோக் வண்டியை விற்கிறது. ஆனாலும் பந்தயத்தில் நாலு-ஸ்ட்ரோக் வண்டிகளே இன்று ராஜா.

இந்தச் சட்டம் தவறா? இல்லை. நம் ஊரிலேயே பார்க்கலாம். ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் நாள் முழுதும் நீலப் புகை விட்ட நாட்களில், சிக்னலில் நின்றவர்களுக்குக் கண் எரிந்தது. டூ-ஸ்ட்ரோக் போனது நல்லதற்கே.

ஆனால், தினமும் ஓடும் ஆயிரக்கணக்கான வண்டிகள் வேறு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மண் பாதையில் ஓடும் ஒரு பழைய வண்டி வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயம் ஆகாது. அதற்காக அந்தப் புகை சாம்பிராணிப் புகை ஆகிவிடாது என்பதும் உண்மைதான்.

கிக்கரில் கால் வைக்காதே!

வண்டியை வாங்கியாயிற்று. இனி என்ன?

அனுபவஸ்தர்கள் சொல்லும் முதல் பாடம்: ஆசைப்பட்டு உடனே கிக்கரை மிதிக்கக் கூடாது.

காற்று வடிகட்டியில் இருக்கும் பழைய ஸ்பாஞ்சு, தொட்டாலே மாவாக உதிரும். மிதித்தால் அந்த மாவு நேரே சிலிண்டருக்குள் போகும். சிலிண்டர் சுவரில் துரு இருந்தால் பிஸ்டனும் ரிங்கும் கீறிப் போகும். முதலில் பிளக்கைக் கழற்றி, உள்ளே ஆயில் ஊற்றி, சில நாள் ஊறவிட வேண்டும். ஐம்பது வருஷம் காத்திருந்த வண்டி, இன்னும் ஒரு வாரம் காத்திருக்காதா?

அடுத்தது திருகாணி. ஜப்பான் திருகாணியின் தலையில் உள்ள கூட்டல் குறி, மற்ற நாட்டுத் திருகாணியின் குறியிலிருந்து சற்று மாறுபட்டது. பொருந்தாத திருப்புளியை வைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும். சுத்தியால் அடித்தால் அமுங்கித் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் வேண்டும். இது தெரியாமல் கெட்டுப்போன என்ஜின் மூடிகள் ஏராளம்.

கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ பிடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு இடத்து நட்டையும் தனித்தனிப் பையில் போட்டுச் சீட்டு ஒட்டுகிறார்கள். கழற்ற இரண்டு நாள், பூட்ட இரண்டு வருஷம் என்பது இந்தத் தொழிலில் வேடிக்கைப் பேச்சு அல்ல. சீட்டு ஒட்டாதவருக்கு அதுதான் கதி.

என்ஜினில் மிக முக்கியமான சாமான் எது? பிஸ்டன் என்று நினைப்பார்கள். கிராங்கின் இரு பக்கமும் உள்ள ரப்பர் ஆயில் சீல்தான் அது. கைக்குள் அடங்கும் சின்ன வளையம். விலையும் சொற்பம். ஆனால் வருஷக்கணக்கில் கிடந்தால் காய்ந்து இறுகிவிடும். அந்த இடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே புகும். காற்று அதிகமானால் பெட்ரோலும் ஆயிலும் விகிதத்தில் குறையும். சூடு ஏறும். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக் பாஷையில், "பிஸ்டன் சீஸ்".

என்ஜினைப் பிரிக்காமலே, பெயிண்ட் அடித்து, பளபளவென்று துடைத்து விற்பவர்களும் உண்டு. வாங்கியவர் முதல் நாளே வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் ரீபோர் செய்ய வேண்டும். டி.டி.-1-ன் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் விட்டம். கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று படிப்படியாகப் பெரிதாக்கி, அந்த அளவுக்குப் பிஸ்டன் போடுவார்கள்.

இங்கேதான் அனுபவம் பேசுகிறது. டூ-ஸ்ட்ரோக் சிலிண்டர் சுவரில் ஓட்டைகள் உண்டு என்று பார்த்தோம். ரீபோர் செய்ததும் அந்த ஓட்டைகளின் விளிம்பு கத்திபோல் கூராகிவிடும். அதை அரத்தால் லேசாக மழுக்க வேண்டும். மழுக்காவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். கார் சிலிண்டர் மட்டுமே பார்த்துப் பழகிய பட்டறைக்காரருக்கு இது தோன்றாது. ஐந்து நிமிஷ வேலை. செய்யத் தவறினால் மொத்தச் செலவும் பாழ்.

கிராங்கைப் பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து, மறுபடி கோணல் இல்லாமல் சேர்ப்பது அதைவிடக் கஷ்டம். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கு. இந்தக் கைப்பழக்கம் உள்ளவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். சாமான்களைச் சின்னச் சின்னக் கம்பெனிகள் புதிதாகச் செய்து விற்கின்றன. வித்தையை அப்படிச் செய்து விற்க முடியவில்லை. வண்டிகள் குறைவதைவிட, இவர்கள் குறைவதுதான் பெரிய நஷ்டம்.

செலவு? வண்டி வாங்கிய விலையைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆனவர்கள் உண்டு. லாபத்துக்குச் செய்கிற வேலை அல்ல.

பெயிண்ட் விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சி. ஒரு கட்சி, கடையில் வந்த நாளில் இருந்ததுபோல் மினுக்க வேண்டும் என்கிறது. மற்றொரு கட்சி, தகப்பனார் விழுந்து எழுந்த கீறலைச் சுரண்டினால் அது திரும்பி வருமா என்று கேட்கிறது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கடினம்.

பெட்ரோலில் வந்த வினை

இவ்வளவு பாடுபட்டு வண்டி தயார். பங்க்குக்குப் போனால் அங்கே புதிய சிக்கல்.

இன்றைய பெட்ரோல் வெறும் பெட்ரோல் அல்ல. அதில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் என்பது கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஆல்கஹால். அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பகுதி 10 சதவீதம் எத்தனால் கலந்தது. இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலே 10 சதவீதக் கலப்புதான். இந்தியா இன்னும் வேகமாகப் போயிற்று. 2023-ல் 20 சதவீதக் கலப்பு விற்பனை தொடங்கியது. 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது.

இதனால் எண்ணெய் இறக்குமதி குறையும். விவசாயிக்குக் காசு கிடைக்கும். புதிய வண்டிகளை அதற்கேற்பச் செய்கிறார்கள். பழைய வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டாங்கியின் அடியில் தங்கிவிடும். டாங்கி துருப்பிடிக்கும். கார்புரேட்டரின் ஊசித் துளை அடைபடும். பழைய ரப்பர் குழாய் ஊதி வெடிக்கும். புல்டாக்கோ போன்ற வண்டிகளுக்குக் கண்ணாடி இழையில் செய்த டாங்கி. எத்தனால் அதன் பசையையே கரைத்துவிடுகிறது!

டூ-ஸ்ட்ரோக்குக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எத்தனால் எரிய பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும். கார்புரேட்டரோ பழைய கணக்கிலேயே காற்று விடுகிறது. மறுபடி அதே கதை: காற்று மிச்சம், சூடு அதிகம், பிஸ்டன் சீஸ்.

15 சதவீதக் கலப்பை மோட்டார் சைக்கிளில் ஊற்றக் கூடாது என்று அமெரிக்க அரசாங்கமே தடுத்திருக்கிறது. பழைய வண்டிக்காரர்கள் எத்தனால் இல்லாத பெட்ரோலைத் தேடிப் போகிறார்கள். அங்கே சில பங்க்குகளில் அது கிடைக்கிறது. கிடைக்காதவர்கள் ரப்பர் குழாயை மாற்றி, கார்புரேட்டரில் ஒரு நம்பர் பெரிய ஜெட்டைப் போட்டு, ஓட்டி முடித்ததும் டாங்கியைக் காலி செய்துவிடுகிறார்கள்.

பழைய வண்டியை வீட்டில் வைத்திருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். தாத்தாவின் எஸ்டியை வருஷத்தில் ஒரு நாள் ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுப்பவர்கள், டாங்கியில் பெட்ரோலை நிரப்பி வைப்பதை நிறுத்துவது நல்லது.

இந்தியச் சட்டமும் பழைய வண்டியைக் கொஞ்சம் கண் திறந்து பார்த்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 50 வயதுக்கு மேல் ஆன, உருவம் மாறாத இரு சக்கர, நாலு சக்கர வண்டிகளுக்கு "வி.ஏ." என்ற எழுத்துடன் தனி நம்பர். முதல் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சிக்கும், பழைய வண்டி ஊர்வலத்துக்கும், பழுது பார்க்கவும், பெட்ரோல் போடவும் ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஆபீசுக்கு ஓட்டக் கூடாது. பாரம்பரிய வண்டியைக் காப்பாற்றவும் வேண்டும், காற்றையும் காப்பாற்ற வேண்டும் என்றால் இது நல்ல வழிதான். கட்டணத்தைத்தான் கொஞ்சம் குறைத்திருக்கலாம். பணக்காரர் வீட்டு ரோல்ஸ் ராய்சும் குடியானவர் வீட்டு ராஜ்தூத்தும் ஒன்றா?

ஓட்டிப் பார்த்தால்...

புதிய டர்ட் பைக்கின் சஸ்பென்ஷன் ஓர் அடி உயரத்துக்கு அமுங்கி எழும். பழைய வண்டியில் பின்சக்கரத்துக்குக் கிடைப்பது நாலு அங்குலம்! அமெரிக்காவில் பழைய வண்டிப் பந்தயம் நடத்தும் ஏ.எச்.ஆர்.எம்.ஏ. சங்கம் இதற்கு விதியே வைத்திருக்கிறது. பழைய வண்டிப் பிரிவில் முன்னால் 7 அங்குலம், பின்னால் 4 அங்குலம். அதற்கு மேல் கூடாது.

ஆகவே உட்கார்ந்து ஓட்ட முடியாது. கால் மிதியில் எழுந்து நின்று, முழங்காலையே ஸ்பிரிங்காக வைத்து ஓட்ட வேண்டும். பிரேக்கோ பழைய டிரம் பிரேக். ஓடையைக் கடந்ததும் ஈரம் புகுந்து பிடிக்காது. லேசாகப் பிரேக்கை அழுத்தியபடி கொஞ்ச தூரம் ஓட்டிக் காய வைக்க வேண்டும்.

இறக்கத்தில் இன்னும் கவனம். நாலு-ஸ்ட்ரோக் வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடி மிகக் குறைவு. ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டுகிறவருக்கு வேறொரு அபாயமும் உண்டு. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடியே வைத்தால், பெட்ரோலோடு வர வேண்டிய ஆயிலும் வராது. பிஸ்டன் காய்ந்துபோகும். அதனால் நடுநடுவே ஆக்சிலேட்டரை ஒரு திருகு திருகி, என்ஜினுக்கு ஒரு வாய் ஆயில் கொடுக்கிறார்கள்.

அமெரிக்கக் காட்டு இலாகா நிலத்தில் ஓட்டினால், சைலன்சரில் தீப்பொறி தடுக்கும் வலை கட்டாயம். காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் காடே போய்விடும்.

இத்தனை சிரமத்தோடு ஓட்டுகிறவர்கள் யார்? வாலிபர்களும் இருக்கிறார்கள். ஆனால் தலை நரைத்தவர்களே அதிகம். அந்தச் சங்கத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கென்றே தனிப் பந்தயப் பிரிவு உண்டு. வேகத்தில் அவர்களைப் பதினைந்து வயதுப் பையன் புதிய வண்டியில் தாண்டிவிடுவான். வண்டி வழியில் நின்றுவிட்டால், அந்தப் பையன் போன் போட்டு லாரியை அழைக்க வேண்டும். கிழவரோ சட்டைப் பையிலிருந்து பிளக் ஸ்பானரை எடுப்பார்.

ரீபோர் செய்த வண்டியின் முதல் ஓட்டம் பெரிய ஓட்டம் அல்ல. ஐந்து நிமிஷம் ஓட்டி, நிறுத்தி, ஆறவிட வேண்டும். மறுபடி பத்து நிமிஷம். அன்று சாயங்காலம் வீட்டார் எல்லாரும் வாசலில் நிற்பார்கள். வண்டிக்காரர் என்ஜினை அணைத்து, சூட்டோடு பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கறுப்பாக ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக இருந்தால் காற்று அதிகம். மறுபடி பிரிக்க வேண்டியதுதான். டீயின் பழுப்பு நிறம் இருந்தால், பிளக்கைப் பக்கத்தில் நிற்கும் பேரன் கையில் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டைத் தேடிப் போவார்.